நிறுத்தக்கூடாத சேவை

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்து மூன்று கிழமையாகியும் வீரையா மனைவியைத் தேடுவதை விடவில்லை. மீன் வாங்கி விற்பதற்காக அன்று விடியவே முல்லைத்தீவுக் கரைக்குப் போன அமராவதி திரும்பி வரவேயில்லை. முகாம்கள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஏறி இறங்கியவருக்குக் கடைசியில் யாரோ உடையார்கட்டுக்கு வழி சொல்லியிருந்தார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கிய நிவாரண அலுவலகத்தின் கணினியில், புதைப்பதற்கு முன் எடுத்த படங்கள் இருந்தன.

அந்தக் கணினியைத்தான், அவர் வந்த அன்று காலை, அங்கே வேலை செய்த றுஸ்னா கெடுத்து வைத்திருந்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. வெளியூரிலிருந்து வந்த குழு தங்கள் மடிக்கணினியை அதனோடு வயரால் இணைத்த நாளிலிருந்து, அது ஒரு நிமிடத் தவணை சொல்லி, தானே எண்ணி, தானே அணைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் திரையில், கணினிக்குள் பின்னணியில் ஓடும் ஒரே சேவையின் பெயர்தான் வந்தது. குழப்பத்துக்குக் காரணம் அதுதான் என்று நினைத்து, அந்தச் சேவை இனி இயங்காதபடி நிறுத்திவிட்டாள். மறுபடி போட்டபோது எண்ணுவது நின்றிருந்தது. மற்ற எல்லாமும் நின்றிருந்தன. மற்றச் சேவைகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. படங்கள் இருந்த இடம் திறக்கவில்லை. நிறுத்தியதைத் திரும்ப இயக்கலாமென்றால், சேவைகளின் பட்டியலே வெறுமையாக வந்தது.

“ஐயா, மிசின் பழுது. நாளைக்கு வாங்கோவன்” என்றாள், வந்து நின்ற வீரையாவிடம்.

“நாளைக்கும் இங்கதான் வரணும் புள்ள. இருந்து பாத்துட்டே போறேன்” என்று வீரையா வாசலோரக் கதிரையில் உட்கார்ந்தார்.

பொறுப்பாளர் பரமேஸ்வரன் உள்ளே வந்தார். “ஏன் மினக்கெடுறாய்? எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு விண்டோசைப் புதுசாப் போடுவம். கடிதங்களைத் திரும்ப அடிக்கலாம்தானே.”

“வேண்டாம் சேர். படங்கள் இதுக்குள்ள மட்டும்தான் கிடக்கு.”

“கமராவில இல்லையோ?”

“இடம் காணாமல் ஒவ்வொருக்காலும் அழிச்சுப்போட்டுத்தான் அடுத்தது எடுத்தது. அழிச்சதும் நான்தான். இதைப் பழுதாக்கினதும் நான்தான் சேர்.”

பரமேஸ்வரன் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட்டு வைக்கிறன். நீ பார்” என்று வெளியே போனார்.

புத்தளத்தில் அகதியாக இருந்தபோது படித்த கணினி வகுப்பில் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை. கணினியின் அமைப்புகள் அத்தனையும் எழுதப்பட்டிருக்கும் பதிவகம் ஒன்று உண்டு, அதில் கைவைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். அதன் பெயரைத் தட்டினாள். நல்ல காலம், திறந்தது. ஒழுங்காக ஓடும் இன்னொரு சேவையைத் தேடிப் பார்த்தாள். அதன் தொடக்க எண் இரண்டு. அவள் நிறுத்தியதற்கு நான்கு. பெயரை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு நான்கை இரண்டாக்கினாள். இதிலும் பிழை விட்டால் இந்த வழியும் அடைபட்டுவிடும். கணினியை எண்ணி அணைய வைத்தது சேவையல்ல, வயரால் வந்த ஏதோ ஒன்றுதான் என்று தோன்றவே, அந்த வயரையும் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டாள்.

படங்கள் திறந்தன. முதல் வேலையாக அவற்றை இறுவட்டில் பிரதியெடுத்தாள். அதன் பிறகே வீரையாவைக் கூப்பிட்டாள்.

பக்கத்தில் நின்றபடி ஒவ்வொரு படத்துக்கும் அவர் தலையாட்டி மறுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில், “கொஞ்சம் நிறுத்து புள்ள” என்றார். முகத்தைக் கொண்டு ஆள் சொல்ல முடியாத படம். அவர் விரல் சட்டையின் தோளில் நின்றது. சிவப்புச் சட்டையில் கோணலாகப் பச்சைத் தையல்.

“நான்தான் தச்சேன். வீட்ல பச்ச நூல்தான் இருந்திச்சு.”

காலையிலிருந்து றுஸ்னா எதற்காக அல்லாஹ்விடம் மன்றாடிக்கொண்டிருந்தாளோ அது கைகூடியிருந்தது. அவளுக்கோ, அந்தத் திரை இருண்டே கிடந்திருக்கலாம் போல இருந்தது.

“எங்க பொதச்சாங்க?”

இடத்தைச் சொன்னாள்.

“தனியாவா?”

“இல்லை ஐயா. எல்லாரோடயும்தான்.”

வீரையா “அப்ப, கூட ஆளுங்க இருக்காங்க” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகுதான் அழுதார்.

பரமேஸ்வரன் வாகனத்தை எடுத்தார். வீரையாவைக் கைபிடித்து ஏற்றிவிட்டு, றுஸ்னாவும் முன்னால் ஏறினாள்.

“நீ ஏன் பிள்ளை?”

“இடம் எனக்குத்தான் தெரியும் சேர். அந்தப் படத்தை எடுத்தது நான்.”