எண்ணெய்க் கம்பியில் மறைந்த கோடு

இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் அந்தத் துணியின் கறுப்புப் போகவில்லை. ஸைனம்பு கறை படிந்த இடத்தை விரலால் உரசிப் பார்த்தாள். பொடிமணல் போல நெருடியது. மூக்கருகே கொண்டுபோனால் அடிப்பிடித்த சட்டியின் வாடை.

அவள் கணவர் இத்ரூஸ் மாத்தளையில் ஹயர் கார் ஓட்டுகிறவர். தினமும் காலையில் பொனட்டைத் திறந்து, எஞ்சின் எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவி அந்தத் துணியில்தான் துடைப்பார். பதினெட்டு வருஷமாக அதைக் கழுவுகிறவள் இவள். புது எண்ணெய் ஊற்றிய வாரத்தில் கறை கித்துல் பனையின் பாணி போலத் தேன் நிறத்தில் இருக்கும். போகப்போகக் கறுக்கும். கல்யாணமான புதிதில் அவரே கம்பியைக் காட்டிச் சொல்லியிருந்தார்: "இங்க பாரு புள்ள, கம்பியில ஒரு கோடு வெட்டியிருக்கு. எண்ணெய்க்குள்ளால கோடு தெரிஞ்சா பயமில்ல. கோடு மறைஞ்சு, கையில நெருடி, எரிஞ்ச வாடையும் வந்திச்சோ, வண்டிய எடுக்கவே கூடாது. நடுரோட்டுல எஞ்சின் இறுகிப் போகும்."

ஈரத் துணியோடு முன்வாசலுக்கு ஓடினாள். இத்ரூஸ் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, எண்ணெய் மாத்தல்லயா?"

"ஏன் மாத்தணும்? இப்ப ஊத்தின மாதிரி இருக்கு. கோடு பளிச்சுன்னு தெரியுது பாரு."

பார்த்தாள். கம்பியின் நுனி தார் பூசினது போல இருந்தது. கோடு இருந்த இடமே தெரியவில்லை. அதைவிட, அவர் பார்வை கம்பியின் மேலேயே இல்லை. நாலு விரல் தள்ளி, வெறும் காற்றில் நின்றது.

ஸைனம்பு கம்பியையும் அவர் கண்ணையும் மாறிமாறிப் பார்த்தாள். மஃரிப் தொழுகை முடிந்து இருட்டின பிறகு வருகிற ஹயரை எல்லாம் அவர் ஏன் வேண்டாமென்கிறார்? கண்டியிலிருந்து அவள் அக்கா ராத்தா எழுதிய கடிதத்தை ஏன் பிரிக்காமலே "நீ வாசி" என்று நீட்டினார்? போன வாரம் வாசலில் படுத்திருந்த பூனையை ஏன் மிதித்தார்? எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து மோதின.

துணியை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். "கறை போயிட்டா பாருங்க."

"போயிட்டு, போயிட்டு," என்றார் இத்ரூஸ். "நேரமாச்சு. நாலந்தாவுல ஸாலிஹ் ஹாஜியார் அஞ்சு புள்ளைகளோட காத்திருக்கார். கண்டிக்குக் கொண்டு போகணும்."

அஞ்சு பிள்ளைகள். 'உங்களுக்குக் கண் தெரியல்ல' என்று சொல்ல வாயெடுத்தாள். "நானும் வாறேன். ராத்தாவப் பார்த்து நாளாச்சு," என்று மட்டும் சொன்னாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

ஊரைத் தாண்டியதும் பனி அடர்ந்தது. இருபது வருஷம் ஓடிய ரோடு. வளைவுகளைக் கை அறிந்திருந்தது. கார் நேராகத்தான் போனது. ஆனால் எதிரே வந்த மாட்டுவண்டிக்கு அவர் ஒதுங்கியது வண்டிக்காரன் கத்திய பிறகுதான். ஸைனம்பு கலிமாவை ஓதிக்கொண்டே இருந்தாள். கதவுப் பிடியை இறுக்கி இறுக்கி விரல்கள் மரத்துவிட்டன.

பலாபத்வலவுக்குக் கிட்ட வரும்போது, எஞ்சினுக்கு அடியிலிருந்து சட்டியில் கரண்டி தட்டுவது போல ஒரு சத்தம் கிளம்பியது.

"மீட்டர்ல அந்த எண்ணெய் முள்ளு எங்க நிக்குது?" சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"அடியில கிடக்கு. நிப்பாட்டுங்க!"

"முள்ளு பழுதாயிருக்கும்."

அப்போதுதான் வளைவில் அவர்களைக் கண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாலு பிள்ளைகள், பனியோடு பனியாக வெள்ளைச் சட்டையில். கார் வேகம் குறையவில்லை. நேரே அவர்களைப் பார்த்துப் போனது.

"புள்ளைங்க! அல்லாஹ், புள்ளைங்க!"

அவர் திருப்பவில்லை. ஸைனம்பு பாய்ந்து ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்தாள். கார் குலுங்கி, வேலியைப் பிய்த்துக்கொண்டு கொக்கோ மரத்தில் இடித்து நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"பட்டுட்டா?" இத்ரூஸின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

இறங்கி ஓடினாள். சின்னவள் ஒருத்தி உடைந்த சிலேட்டைப் பிடித்தபடி விறைத்து நின்றாள். ஸைனம்பு அவள் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. மற்ற மூன்று பேரும் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்கு அப்பால் குதித்திருந்தார்கள்.

"யாருக்கும் படல்ல," என்று திரும்பி வந்து சொன்னாள். "நீங்க காணவே இல்லயா?"

"வெள்ளையா ஏதோ தெரிஞ்சிச்சு. பனின்னு நினைச்சேன்."

காரில் பம்பர் மட்டும்தான் நசுங்கியிருந்தது. ஆட்கள் கூடிக் காரைத் தள்ளிக்கொண்டு போய் பலாபத்வலவில் கணபதியின் கராஜில் விட்டார்கள். கணபதி இத்ரூஸின் காரைப் பல வருஷமாகப் பார்க்கிற மெக்கானிக். கம்பியை உருவி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது.

"என்ன நானா இது? கறுத்திருந்தாக்கூடப் பரவாயில்ல, ஓடின எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். இது கூழா இறுகிக் கிடக்கு. இரும்புத்தூள் மினுங்குது பாருங்க. இன்னும் ரெண்டு மைல் போயிருந்தா எஞ்சின் இறுகிப் பிடிச்சிருக்கும். சரி, வடிச்சு, கழுவி, புதுசு ஊத்திப் பாக்குறேன். சத்தம் நின்னா பகலைக்குள்ள நாலந்தா போயிரலாம்."

"ஊத்து, ஊத்து," என்றார் இத்ரூஸ். "ஹாஜியார் காத்திருப்பார்."

ஸைனம்பு காரைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கார் சரியாகிவிடும். இவர் மறுபடி ஏறுவார். பின்சீட்டில் அஞ்சு பிள்ளைகள் இருக்கும். சுற்றிலும் பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கணபதி தம்பி," என்றாள். "எண்ணெய மாத்துங்க. ஆனா கார் ஸ்டார்ட் பண்ற திறப்ப இவர் கையில குடுக்க வாணாம். இவருக்குக் கண்ணு தெரியல்ல."

"ஏய்!" என்று இத்ரூஸ் அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை அவள் இருந்த பக்கத்துக்கே வரவில்லை. அதைக் கூட்டம் முழுதும் பார்த்தது.

அவர் தடவித் தடவி ஒரு பழைய டயரில் உட்கார்ந்தார்.

"நோன்புக்கு முந்தி இருந்தே இப்படித்தான்," என்றார் தலையைத் தூக்காமல். "எண்ணெய் கையில நெருடினது எனக்குத் தெரியாமலா? கணபதிகிட்ட வந்தா கண்ணு விஷயம் வெளிச்சமாகிரும்னு பயம். ஒவ்வொரு நாளும் வீடு வந்து சேர்ற வரைக்கும் ஈரக்குலை நடுங்கும் புள்ள."

அவள் பக்கத்தில் குந்தினாள்.

நாலந்தாவுக்குக் கணபதி வேறொரு காரை அனுப்பிவைத்தான். இவர்கள் பஸ்ஸில் திரும்பினார்கள். ஏறும்போது அவள் கையைப் பிடிக்கப் போனாள், அவர் உதறிவிட்டார். இரண்டாவது படியில் கால் தவறியதும் அவரே அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மாத்தளை வரும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்றார் கண்டி டாக்டர். ஆபரேஷன் செய்து வெட்டியதில் வலது கண் தேறியது, இடது தேறவில்லை. கார் கணபதியிடமே விலைபோயிற்று. இத்ரூஸ் பஸார் தெருவில் ஒரு சில்லறைக் கடையில் வேலைக்கு இருக்கத் தொடங்கினார். ஸைனம்புவோடு முகம் கொடுத்துப் பேச அவருக்கு நாலு மாசம் பிடித்தது. அதுவரைக்கும் அவள் விடிவதற்கு முன்னே விழித்து, பக்கத்தில் படுத்திருக்கிறவர் பழைய நினைப்பில் காரோட்ட எழும்பி வெளியே போய்விட்டாரோ என்று இருட்டில் கையை நீட்டித் துழாவிப் பார்ப்பாள்.