ஜட்ஜம்மாவுக்கு ஒரு கோடை முகாம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என்னால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. வாய் நிறையப் பஞ்சு, உதட்டோரத்தில் எச்சிலை உறிஞ்சும் குழாய், கண்ணைக் கூசவைக்கும் விளக்கு. என் பற்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பெண்மணி பேச்சுவாக்கில் தன் மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் 'ம்' போட்டேன். அந்த நிலையில் ஒரு மனிதனால் போட முடிந்தது அது ஒன்றுதான்.

ஆகவே கேட்க நினைத்த கேள்விகளெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டன. அவர் சொல்லாமல் விட்ட இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். எது அவர் சொன்னது, எது என் கைச்சரக்கு என்று நீங்கள் கேட்டால், அதற்கும் 'ம்'தான்.

கிளினிக்குக்கு வரும் குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் பல்லக்கா. (பல்லக்கு என்று படித்துவிடாதீர்கள். அவரை யாரும் சுமக்கவில்லை, வீட்டை அவர்தான் சுமக்கிறார். இந்தச் சிலேடையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.) 'அவர்' என்று எழுதினால் கதை விறைத்துக்கொள்கிறது. அதனால் இனிமேல் 'அவள்'. அடுத்த முறை பல் சுத்தம் செய்யப் போகும்போது எனக்குக் கொஞ்சம் அதிகமாக வலித்தால், காரணம் தெரிந்துகொள்வேன்.

2

தொடக்கம் ஒன்று: 'கோடை விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. மரங்களெல்லாம் —'

வேண்டாம். மரத்தில் ஆரம்பித்தால், குழந்தை வருவதற்குள் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

இன்னொன்று: 'ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஒரு தனித்திறமை —'

இது முகாம் விளம்பரத் துண்டுச்சீட்டில் வருகிற வாக்கியம். பல்லக்காவின் கைப்பையில் அப்படி நிறையக் கசங்கிக் கிடந்தன.

கடைசியாக: 'தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் விளையாடவில்லை. ஆனால் அவள் இல்லாமல் ஆட்டம் நடக்கவும் விடவில்லை.'

இது போகும். இங்கிருந்தே பிடித்துக்கொள்கிறேன்.

அந்த ஒருத்திதான் பல்லக்காவின் மகள். சுவரில் சாய்ந்து, கைகட்டி நிற்பாள். "கோடு தாண்டிருச்சு." "நீ அவுட்டுதான், நான் பாத்தேன்." யார் பெரியவன், யாருடைய பந்து, யார் தன் கூட்டாளி என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிள்ளைகள் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தார்கள். முதலில் அது கேலியாக இருந்தது, பிறகு பட்டமாக ஆனது, கடைசியில் "ஜட்ஜம்மா வந்தா நான் வரல" என்பதில் வந்து நின்றது.

விளையாடக் கூப்பிட்டு யாரும் வாசலுக்கு வருவதில்லை. மகள் ஜன்னலோரம் நின்று கீழே நடக்கும் ஆட்டத்தைப் பார்ப்பாள். அவ்வப்போது, தனக்குத்தானே, சன்னமான குரலில், "அவுட்" என்பாள். சமையலறையில் இருக்கும் பல்லக்காவின் காதில் அது விழும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பகலெல்லாம் ஊராரை "வாயத் திறங்க, இன்னும் நல்லாத் திறங்க" என்று கெஞ்சுகிறவள், வீட்டுக்கு வந்து மகளிடம் "கொஞ்சம் வாய மூடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

3

பல்லக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவே நின்றுபோன பெட்டிகளுக்குள்ளிருந்து மனிதர்களை வெளியே எடுப்பது அவர் வேலை. இருவரும் காலையில் கிளம்பினால் மாலையில்தான் திரும்புவார்கள். பத்து வயதுப் பெண்ணை விடுமுறை முழுக்கப் பூட்டிவைக்க முடியுமா? பகல்நேர முகாம் ஒன்றைப் பிடித்தே ஆகவேண்டும். துண்டுச்சீட்டுகள் சாப்பாட்டு மேசையில் பரப்பப்பட்டன.

"நீச்சல்ல போட்டுடலாம். தண்ணிக்குள்ள தலைய விட்டா வாய் தானா மூடிக்கும்," என்றார் அவர்.

"ஏங்க, என் பொண்ண முக்கியெடுத்துத்தான் திருத்தணுமா? ஓவியம்னா ஒரு எடத்துல அமைதியா உக்காந்திருப்பா. யார்கூடவும் வம்பு வராது."

"அவளையும் ஒரு வார்த்த கேளு."

"உனக்கு எதுல ஆசை, சொல்லு கண்ணு."

ஜட்ஜம்மா எல்லாச் சீட்டுகளையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "விசில் ஊதக் கத்துக்குடுக்கிற முகாம் இருக்கா?"

அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அதுக்கு எதுக்கு முகாம்? நம்ம குக்கர்கிட்ட போயிக் கத்துக்கோ!"

பல்லக்காவும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் மகள் ஒன்று சொன்னாள்.

"எப்படி ஊதறதுன்னு இல்லப்பா. எப்ப ஊதணும்னு."

(இந்த வரியை நான் மட்டும்தான் தனிப் பத்தியில் போட்டிருக்கிறேன். அன்று மேசையில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஓவிய முகாம் என்று முடிவாயிற்று.)

4

ஓவிய முகாம் ஒரே ஒரு நாள்தான் நீடித்தது.

முதல் நாள் சின்னதாக ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு பெண்ணின் குதிரைக்குப் பரிசு கிடைத்தது. எல்லோரும் கைதட்டி முடித்ததும் ஜட்ஜம்மா எழுந்து நின்றாள். "டீச்சர், அது வரைஞ்சது இல்ல. ஜன்னல் கண்ணாடியில புத்தகப் பக்கத்த வெச்சு, மேல தாள வெச்சு எடுத்தது. நான் பாத்தேன்."

இந்த இடத்தில் எனக்கே இவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. காட்டிக்கொடுக்கிற குழந்தையை யாருக்குப் பிடிக்கும்? ஒரு வரைவில் அவளை அழவிட்டுப் பார்த்தேன், நீங்கள் இரக்கப்படுவீர்கள் என்று. அவள் அழ மறுத்துவிட்டாள். இன்னொரு வரைவில் டீச்சரைக் கொடுமைக்காரி ஆக்கினேன். அதுவும் நிற்கவில்லை, ஏனென்றால் அந்த டீச்சர் நல்லவர். மாலையில் பல்லக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"அவ சொன்னது பொய் இல்ல. நானும் அப்புறம் போயிப் பாத்தேன். ஆனா அந்தப் பொண்ணு எல்லார் முன்னாடியும் கூனிக்குறுகிப் போயிட்டா. மத்த பிள்ளைங்க இப்பத் தாள மறைச்சுகிட்டு வரையிறாங்க. இவளுக்குப் படத்துல ஆர்வமே இல்லைங்க. சுத்தி நடக்குறதுலதான் கண்ணு. வேற எடம் பாருங்களேன்."

திரும்பி வரும் வழியில் பல்லக்கா பொரிந்து தள்ளினாள். "உனக்கு எதுக்குடி ஊர் வம்பு? நீ உண்டு, உன் தாள் உண்டுன்னு இருக்க மாட்டியா?"

"பக்கத்துல ஒருத்தி சொந்தமா வரைஞ்சாம்மா. குதிரைக்கு ஒரு கால் குட்டையாப் போச்சு. அழிச்சு அழிச்சு வரைஞ்சா. அவளுக்கு ஒண்ணுமே கெடைக்கல."

மகள் வம்புக்காகப் பேசவில்லை, அந்தக் குட்டைக்கால் குதிரைக்காகப் பேசியிருக்கிறாள். இது பல்லக்காவுக்குப் புதிது. இருந்தாலும் மறுநாள் இவளை எங்கே விடுவது?

5

மிச்சமிருந்தவற்றில் இடம் காலி இருந்தது கால்பந்து முகாமில்தான். முன்னோட்டமாக ஒரு நாள் ஆடவிட்டுப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்வார்கள். பல்லக்கா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மைதானத்துக் கம்பிவேலிக்கு வெளியே நின்றாள்.

பார்க்கச் சகிக்கவில்லை. மகள் பந்தை உதைத்தால் காற்றுதான் நகர்ந்தது. இரண்டு தடவை தன் காலே தடுக்கி விழுந்தாள். தொப்பி போட்ட ஒரு பெண்தான் கோச். அவர் உதட்டைப் பிதுக்குவது வேலிவரை தெரிந்தது.

அப்போதுதான் அது நடந்தது. எங்கிருந்தோ உயரமாக வந்த பந்து, கூட்டத்துக்குள் ஜட்ஜம்மாவின் மேல் பட்டுத் திரும்பி, கோல் கம்பங்களுக்கு நடுவே போய் விழுந்தது. அவள் அணிப் பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி முதுகில் ஏறினாள். ஒருத்தன் அவள் தலைமுடியைக் கலைத்தான். இத்தனை கைகள் ஒரே நேரத்தில் அவள் மேல் விழுந்ததே இல்லை. ஜட்ஜம்மா சிரித்தாள். பல்வரிசை பார்ப்பதே பிழைப்பாக இருக்கிறவள், தன் மகளின் கடைவாய்ப் பல் வெளியே தெரிவதை அன்றுதான் —

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சிரிப்பே முடியவில்லை, பாதியில் நின்றுவிட்டது.)

"இருங்க, இருங்க. இது கோல் இல்ல. என் கையில பட்டுச்சு."

"யாரும் பாக்கலையேடி! சும்மா இரு," என்றாள் முதுகில் ஏறியவள். அவள்தான் அணித்தலைவி.

"நான் பாத்தேனே."

கைகள் ஒவ்வொன்றாக விலகின. முதுகில் இருந்தவள் இறங்கிக்கொண்டாள். மைதானத்தின் நடுவே ஜட்ஜம்மா தனியாக நின்றாள்.

இனி வருவதில் என் கைச்சரக்கு ஒரு சொட்டும் இல்லை. பல்லக்கா கையிலிருந்த கருவியை நிறுத்திவைத்துவிட்டுச் சொன்னது:

"அவ வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார், சொல்லப்போறான்னு. இந்த ஒரு தடவ சொல்லாதடி, சிரிச்சுட்டுப் போயிடுடின்னு மனசுக்குள்ள கெஞ்சினேன். சொல்லிட்டா. எனக்கு அழுக வரும்னு பாத்தா, நெஞ்சு அப்படியே நிமிருது சார். நான் எத செய்யாதன்னு கெஞ்சினேனோ அத செஞ்சுட்டா, அதுக்கே எனக்குத் தல கால் புரியாத பெரும. என்ன மனசோ!"

நான் 'ம்' என்றேன். அந்த ஒரு 'ம்' மட்டும் மனதார வந்தது.

6

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. இவளுக்கு ஆட்டம் வராது," என்றார் கோச். "எல்லாரும் பந்தப் பாத்து ஓடுனா, இவ எல்லார் காலையும் பாத்துகிட்டு நிக்கிறா."

வழக்கமாக இந்த இடத்தில் பல்லக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இந்த முறை நகரவில்லை.

"ஆட்டம் வரலன்னா போகுது மேடம். எப்ப விசில் ஊதணும்னு கத்துக்கணுமாம் இவளுக்கு. அன்னிக்கே சொன்னா, நாங்க சிரிச்சுட்டோம். நான் இப்பக் கேக்குறேன். இங்க அதச் சொல்லித்தருவீங்களா?"

கோச் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "பொடிசுங்க ஆட்டம் தினமும் நடக்குது. அதுக்கு நடுவரா நிக்க ஒருத்தரும் வர்றதில்ல. இப்படிச் சொன்னா ஒருத்தன் அழுவான், மாத்திச் சொன்னா இன்னொருத்தன் அழுவான்."

"நான் மாத்திச் சொல்ல மாட்டேன்," என்றாள் ஜட்ஜம்மா.

"அது எனக்கே தெரியுது. ஆனா அழறவன் நாளைக்கும் விளையாட வரணும்ல? அந்த மாதிரி சொல்லத் தெரியுமா உனக்கு?"

ஜட்ஜம்மா மைதானத்துப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஓவிய வகுப்பில் கூனிக்குறுகிப்போன பெண்ணை நினைத்தாளோ என்னவோ. (இது என் கைச்சரக்கு.)

"தெரியாது. கஷ்டமா இருக்கும்போல," என்றாள். பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?" என்றாள்.

7

கதையை இங்கேயே மூட்டைகட்டியிருக்கலாம். இல்லாவிட்டால், பிள்ளைகளெல்லாம் மறுநாளே ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கலாம். எழுதினேன். படிக்க இனித்தது. அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். முதல் வாரம் பொடிசுகள் அவளை வறுத்தெடுத்தார்கள். ஒருவன் தினமும் மண்ணில் புரண்டான். அவள் அவனருகே குந்தி உட்கார்ந்து, என்ன பார்த்தாள் என்பதை அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லக் கற்றுக்கொண்டாள். வீட்டில் பேச்சு குறையவில்லை, சத்தம்தான் குறைந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழே தெருவில் ஆடும் பையன் ஒருவன் மூச்சிரைக்க நின்றிருந்தான்.

"ஆன்ட்டி, ஜட்ஜம்மா இருக்காளா? கீழ ஒரே சண்ட. அவ வந்தாத்தான் ஆட்டம் நடக்கும்."

பல்லக்கா கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாளாம். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனதுகூட உறைக்கவில்லையாம்.

8

முகாமின் கடைசி நாள் பெற்றோருக்கு ஓர் ஆட்டம் வைத்தார்கள். இதை, அடுத்த முறை ஒரு பல்லை அடைக்கப் போனபோது கேட்டேன். நடுவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர் அணியில் விழுந்தார்கள். லிஃப்ட்காரர் கோல்கீப்பர்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்த பல்லக்காவின் வெறுங்காலில் பந்து அகப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை விட்டாள். பந்து நோஞ்சானாக உருண்டது. லிஃப்ட்காரர் கோட்டின் மேலேயே குப்புற விழுந்து அதை வயிற்றுக்கடியில் அமுக்கினார்.

"கோல்!"

"எங்க கோலு? கோட்டத் தொடவே இல்ல!"

"ஏங்க, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

"கண்ணு, அப்பா சொல்றேன்ல, உள்ள போகல!"

ஜட்ஜம்மா நடந்து வந்தாள். வீட்டில் இருவரையும் நீ, வா, போ என்கிறவள்.

"அப்பா, நீங்க அசையாதீங்க. அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அந்த 'நீங்க'வைக் கேட்டதும் இருவரும் கப்சிப் ஆனார்கள். அவள் கோட்டருகே குந்தி உட்கார்ந்து பார்த்தாள். எழுந்தாள். அம்மாவைக் கையசைத்துக் கிட்டே அழைத்து, இருவருக்கும் மட்டும் கேட்கும்படி எதையோ சொன்னாள். இருவரும் தலையாட்டினார்கள். பிறகு விசில் ஊதினாள்.

என்ன சொன்னாள்? அன்று என் வாயில் இன்னும் பஞ்சு வைக்கவில்லை, கேட்டேவிட்டேன். "அத விடுங்க சார், அவ சொன்ன விதம் இருக்கே!" என்று பல்லக்கா அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்துக் கோலா இல்லையா என்று கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. ஜெயித்தவள் முகமும் அப்படித்தான் இருக்கும், தோற்று, தன்னைத் தோற்கடித்த பெண்ணைப் பெற்றவள் முகமும் அப்படித்தான் இருக்கும்.

கோல் என்று எழுதிப் பார்த்தேன். இல்லை என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டுக்குமே கை கூசியது. பந்துக்கு நேரே இருந்தவள் அவள் ஒருத்திதான். நான் அங்கே இல்லை.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நீங்களே தீர்ப்பைச் சொல்லுங்கள். ஆனால் மெதுவாகச் சொல்லுங்கள். கோட்டின் மேல் குப்புற விழுந்து கிடப்பவர் ஒருத்தியின் அப்பா.