பதினெட்டு ரூபாய்க் குடையும் ஒரு முன்பதிவும்

காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் நசீருதீன் ஒரு பொருளைச் சொன்ன விலைக்கு வாங்கினார் என்று காஞ்சிபுரத்தில் யாரும் சாட்சி சொல்ல முடியாது. அவர் முறை எளிது. பொருளைத் தொட்டுப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், பாதி விலை கேட்பார், இல்லை என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். மூன்றாவது படியில் கடைக்காரன் கூப்பிடுவான். கூப்பிடாவிட்டால் அந்தப் பொருளே வேண்டாம். "எறங்குன படியில நான் திரும்பி ஏறுனதே கெடையாது" என்பார். அதற்கு அத்தாட்சி ஒரு குடை. 1982இல், கல்யாணத்துக்கு முன்னால், கிழக்கு ராஜ வீதியில் முப்பது ரூபாய் சொன்ன குடையைப் பதினெட்டுக்கு முடித்தாராம். குடை குப்பைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. கதை மட்டும் ஒரு கம்பிகூட வளையாமல் நிற்கிறது.

அவர் மனைவி ஷாஹீனுக்கும் அதே நாளைப் பற்றி ஒரு கதை உண்டு. அன்றைக்கு அந்தத் தெருவில் சினிமா எடுத்தார்கள். பதினாறு வயது ஷாஹீன் கையில் பால் தூக்கோடு, கதாநாயகன் முதுகுக்குப் பின்னால், தெருவைக் குறுக்கே ஓடிக் கடந்தாள். தான் படத்தில் இருப்பதாக இருபத்தாறு வருஷமாகச் சொல்கிறாள். படமோ ஒரு வாரம்கூட ஓடவில்லை. கேசட் வரவில்லை. டிவிக்காரர்களும் சீந்தவில்லை.

"நானும் அன்னிக்கு அதே தெருவுலதான் இருந்தேன், குடை வாங்கிக்கினு. ஒரு பொண்ணும் ஓடல, ஒரு பாலும் சிந்தல," என்பார் நசீருதீன், சம்பந்தி வீட்டார் முன்னாலேயே. சம்பந்திகள் சிரிப்பார்கள். ஷாஹீன் சிரிக்கமாட்டாள்.

அதனால்தான், எதிர் மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்தும் தாராவிடம் அவள் சொல்லி வைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை தாரா கடைக்கே வந்துவிட்டாள்.

"ஆன்ட்டி தேடச் சொன்ன படம் டிவிடியா வருது பாய். கடையில கெடைக்காது. நெட்ல முன்பதிவு பண்றவங்களுக்கு மட்டும்தான் அடிப்பாங்களாம். வெள்ளிக்கிழமை பகல் பன்னண்டு மணிக்கு மூடிடுவாங்க. எரநூத்தித் தொண்ணூத்தொம்பது."

ஷாஹீன் அன்று மதியம் சோற்றுப் பானையைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டாள். "வாங்கிக் குடுங்க. அதுல நான் இல்லன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். இருந்தா, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி உங்க வாயாலயே சொல்லணும்."

நசீருதீன் மாடி ஏறினார். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பும் மெயிலைப் படிக்கத் தினமும் வரும் ரிட்டயர்ட் வாத்தியார் ராஜகோபால் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் வராத பொருளுக்கு இப்பவே காசா? இது எந்த ஊரு நியாயம்மா?"

"உம்ம கடை நியாயம்தான் பாய்," என்றார் ராஜகோபால். "என் பொண்ணு கல்யாணச் சேலைக்கு அட்வான்ஸ் வாங்கினீரே, அப்போ தறியில பாவே ஏறலையே!"

"அதுக்கு நான் நூலைக் காட்டுனேன் சாமி. கலரைக் காட்டுனேன். இவன் இன்னாத்தைக் காட்டறான், வெறும் அட்டைப் படத்தை. தாரா, ஒரு அஞ்சு நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லு."

"யாருகிட்ட பாய் சொல்றது? அங்க ஆளே இல்ல."

"ஆளில்லாத கடையா? அப்ப இன்னும் நல்லாவே கொறைக்கலாம். கூடையில வைய்யி."

"வெச்சாச்சு. என் கார்டுல பணம் கட்டிடவா?"

"கட்டாத. அப்படியே வுட்டுடு. நான் எறங்கறேன்."

"எங்க எறங்கறீங்க?"

"படியிலதாம்மா."

இறங்கினார். மூன்றாவது படியில் நின்று காது கொடுத்தார். மின்விசிறிதான் கடகடத்தது.

"அது மெஷினு பாய், கூப்பிடாது!" என்று மேலிருந்து தாரா கத்தினாள்.

"வியாபாரின்னா கூப்புடுவான்!" என்று கீழிருந்து பதில் போயிற்று.

புதன்கிழமை கூப்பிட்டான். தாராவின் மெயிலுக்குக் கடிதம் வந்திருந்தது: உங்கள் கூடையில் ஒரு பொருள் காத்திருக்கிறது, நாளைக்குள் வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி. ராஜகோபால் கண்ணாடியைத் துடைத்து இரண்டு முறை படித்தார். நசீருதீன் மாடியிலிருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். "ஆளில்லாத கடையையே கூப்புட வெச்சிட்டேன்" என்று அந்த வரிசையில் இருந்த ஒவ்வொரு கடையிலும் தனித்தனியாக நின்று சொன்னார்.

அங்கேயே பணம் கட்டியிருந்தால் இந்தக் கதை அவர் பக்கம் முடிந்திருக்கும்.

"பத்துக்கு வழிக்கு வந்தவன் இருபதுக்கு வராமயா போவான்?" என்று மறுபடியும் படி இறங்கினார்.

வியாழக்கிழமை கடிதம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் தென்னேரியிலிருந்து ஓர் அம்மாள் கடைக்கு வந்தாள். கிளிப்பச்சைச் சேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றாள், இறங்கினாள். நசீருதீன் கூப்பிட்டு ஐந்நூறு குறைத்தார். அவளோ அதிலும் குறை கண்டு மறுபடி இறங்கினாள். விற்பனையாள் தணிகாசலம் முதலாளி முகத்தைப் பார்த்தான்.

"கூப்பிடட்டுமா பாய்?"

"கூடாதுபா. ஒரு தபாதான் கூப்புடணும். ரெண்டாந்தபா கூப்புட்டா நாம சொன்ன வெலை எல்லாமே பொய்னு ஆயிடும். எந்த வியாபாரியும்..."

வாய் பாதியில் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அந்த அம்மாள் வாசலில் திரும்பலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். "மேல போங்கம்மா, கேட்ட வெலைக்கே குடுப்பான், வெக்கப்படாதீங்க!" என்று சொல்லிக்கொண்டே தெருவைத் தாண்டி, எதிர் மாடியின் பதினெட்டுப் படிகளையும் ஏறினார்.

"தாரா, கூடை இருக்குதா?"

"கூடை இருக்குது. தள்ளுபடிதான் நேத்தோட போயிடுச்சு. முழு வெலை பாய்."

"என்ன பாய், எறங்கின படியில ஏறிட்டீர் போலிருக்கே?" என்றார் ராஜகோபால்.

"மூச்சு வாங்குது, பேச்சு குடுக்காதீங்க சாமி. கட்டும்மா."

சொன்ன விலை. ஒரு பைசா குறையவில்லை. ஷாஹீனிடம் மட்டும் "நல்லா அடிச்சிக் கொறைச்சிட்டேன்" என்றார். அவள் எவ்வளவு என்று கேட்கவில்லை. படம் வந்தால் போதும் அவளுக்கு.

மூன்றாம் வாரம் தபாலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷாஹீன் பிரியாணி ஆக்கி, சம்பந்தி வீட்டாரையும் தாராவையும் அழைத்தாள். ராஜகோபால் பிரியாணிக்கு வரவில்லை, படத்துக்கு வந்தார். கதாநாயகனும் நாயகியும் ஒரு மணி நேரம் அழுது தீர்த்தபின் கிழக்கு ராஜ வீதி வந்தது. கதாநாயகன் வசனம் பேசினான். அவன் தோளுக்குப் பின்னால் ஒரு பெண் பால் தூக்கோடு ஓடினாள்; பாதித் தெருவில் பால் தளும்பிச் சிந்த, அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

வீடு அதிர்ந்தது. சம்பந்தியம்மாள் ஷாஹீனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் தாம் பார்த்திராத அந்தச் சிரிப்பை நசீருதீன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தொண்டையைச் செருமி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இருக்கறா. பாலும் சிந்துது. நான்தான் இத்தன வருஷமா தப்பாப் பேசிட்டேன்."

ஷாஹீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே, "தாரா, நிறுத்து நிறுத்து! கொஞ்சம் பின்னாடி போ. அந்த மூலையில இருக்கறது குடைக்கடைதான?" என்றாள்.

குடைக்கடைதான். அதன் படியில் ஒல்லியான ஓர் இளைஞன் விறைப்பாக இறங்கினான். மூன்றாவது படியில் நின்றான். காது கொடுத்தான். குனிந்து செருப்பைச் சரி செய்தான். திரும்பிப் பார்த்தான். மறுபடியும் செருப்பைச் சரி செய்தான். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. கதாநாயகன் தாயின் மானத்தைப் பற்றி நீளமாகப் பேசி முடிப்பதற்குள், இளைஞன் படியேறி உள்ளே போய், கையில் குடையோடு வெளியே வந்தான்.

சம்பந்திதான் முதலில் கேட்டார். "பதினெட்டா மச்சான், முப்பதா?"

"முப்பது," என்றார் நசீருதீன். "அன்னிக்கு வெயிலு அப்படி."

ஷாஹீன் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு தபா போடு தாரா! அந்தச் செருப்பை மாட்டறதுலேந்து போடு!"

சிரிப்பு அடங்குவதற்குள் நசீருதீன் தாராவின் பக்கம் மெல்ல நகர்ந்தார்.

"ஏம்மா, இந்தத் தட்டு மொத்தம் எத்தன அடிச்சிருப்பான்?"

"நானூத்திப் பன்னண்டுன்னு போட்டிருந்தாங்க பாய்."

"அத்தனையும் நாமளே திரும்ப வாங்கினா இன்னா கொறைப்பாங்கன்னு கேளு."