இணையச்சுடர் அனுப்பிய லிங்க்

கல்முனைப் பெண்கள் பாடசாலையொன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஸைனம்பு டீச்சர், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்தாள். சுருக்கிய லிங்குகளை அமத்தித் திறப்பதற்கு முன்னால் அவை எங்கே கொண்டுபோய் விடுமென்று பார்க்கப் பழக்குவதுதான் அவளுடைய எண்ணம். பாடசாலை அதிபரோ, பிரதம அதிதி இல்லாமல் ஒரு நிகழ்வு எப்படி நடக்குமென்று கேட்டு, அபூசாலி சேரை அழைத்துவிட்டார்.

அபூசாலி சேர் ஓய்வுபெற்ற அதிகாரி. இணைய விழிப்புணர்வுப் பேரவை ஒன்றின் தலைவர். அதன் மற்ற உறுப்பினர்களை இன்னும் யாரும் கண்டதில்லை. அந்தப் பேரவையே அவருக்கு ‘இணையச்சுடர்’ பட்டம் வழங்கியிருந்தது. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, பிரதம அதிதி உரை எல்லாம் முடிந்தபோது, ஸைனம்புவுக்கு மணியடிக்கும் வரையான மிச்ச நேரம்தான் கிடைத்தது.

“ஆருட போனிலயாவது சந்தேகமான லிங்க் வந்திரிக்கா?” என்று அவசரமாகக் கேட்டாள்.

ஹஸ்னா என்ற மாணவி, அனுமதி வாங்கிக் கொண்டுவந்த உம்மாவின் போனை நீட்டினாள். டீச்சர் அதைத் திரையில் இணைத்தாள். ‘பெருநாள் அன்பளிப்பு! எல்லா சிம்முக்கும் ஐம்பது ஜீபீ இலவசம். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.’ கீழே ஒரு குட்டி லிங்க்.

“அமத்தாதீங்க. விரல வெச்சுப் பிடிச்சு கொப்பி பண்ணுங்க. லிங்க விரிச்சுக் காட்டுற தளத்தில கொண்டுபோய் ஒட்டுங்க.”

குட்டி லிங்க் நீண்ட முகவரியாக விரிந்தது. தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பனியின் பெயர். அந்தப் பெயரை ஒட்டி, ஒரு புள்ளிக்குப் பிறகு, எவரும் கேள்விப்படாத வேறொரு பெயர்.

“முன்னுக்கு இரிக்கிற பேரில மயங்காதீங்க. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால கடைசியா நிக்கிற பேர்தான் வீட்டுக்காரன்.”

“டீச்சர், இத அனுப்பினது ஆரு?” என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல். யோசிக்காமல் திரையை மேலே தள்ளினாள் ஸைனம்பு. பொன்னாடை போர்த்திய படத்தோடு பெயர் தெரிந்தது: இணையச்சுடர் அபூசாலி.

அதிபர் மின்விசிறியைப் பார்த்தார்.

“சேர் அனுப்பினதெண்டா நல்ல லிங்காத்தானே டீச்சர் இரிக்கும்?” என்றாள் ஹஸ்னா, வஞ்சகமில்லாமல்.

முன்வரிசையில் இருந்த பிரதம அதிதியை ஸைனம்பு ஒருதரம் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்: “ஆரு அனுப்பினாலும் பாத்துத்தான் அமத்தோணும்.”

அபூசாலி சேர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். “மாஷா அல்லாஹ்! இது நான் உங்களுக்கு வெச்ச பரீட்சை. எல்லாரும் சித்தியடைஞ்சிட்டீங்க!”

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அதிபர் நிம்மதிப் பெருமூச்சோடு இன்னொரு பொன்னாடையைப் போர்த்தினார்.

கூட்டம் கலைந்ததும் அபூசாலி சேர் ஸைனம்புவைச் சைக்கிள் தரிப்பிடத்துப் பக்கம் ஒதுக்கி அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

“புள்ள, அத நானும் அமத்திட்டன். பேஸ்புக் பாஸ்வேர்டும் குடுத்தன். இப்ப என்ட பேரில ஆரோ கதைக்கிறான்.”

கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, அவருடைய போனை வாங்கிப் பாஸ்வேர்டை மாற்றினாள். வேறு இடங்களில் திறந்திருந்த கணக்கை மூடினாள். போனை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

“ஏமாந்த கதைய எல்லாக் குரூப்புக்கும் எழுதுங்க சேர். உங்கள நம்பி எத்தின பேர் அமத்தியிருப்பாங்க?”

“‘சில விஷமிகளின் சதி’ எண்டு போடுவமா?”

“இல்ல. ‘நான் பாக்காம அமத்திட்டன். நீங்க அமத்தாதீங்க’ எண்டு போடுங்க.”

வேர்த்து விறுவிறுத்து அவர் போனை வாங்கி அப்படியே எழுதி அனுப்பினார். வாழ்நாளில் அவர் எழுதிய மிகச் சுருக்கமான அறிக்கை அது.

உடனே பதில்கள் குவிந்தன. ‘சேரின் போனை யாரோ பிடித்துவிட்டார்கள். சேர் இப்படி எழுதமாட்டார். யாரும் இதை நம்ப வேண்டாம்.’ கொஞ்ச நேரத்தில் அதையும் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார்.

அபூசாலி சேர் போனை அவளிடமே நீட்டினார்.

“இப்ப என்ன செய்யிற புள்ள?”

“வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க சேர்,” என்றாள் ஸைனம்பு. “பொன்னாடையக் கழட்டி வெச்சிட்டுப் போங்க.”