டிரைவர் சைடு

ஷாபாஸ் இக்காவின் கார் வளைவில் நன்றாகத் திரும்பும். திரும்பிய பிறகு நேராவதற்குத்தான் அதற்கு மனசு வராது. ஸ்டியரிங்கை விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும்.

மட்டாஞ்சேரிக்குள் ஓட்டியவரை இது யாருக்கும் தெரியவில்லை. ஒரு பக்கம் மிளகு மூட்டை இறக்கும் லாரி, மறுபக்கம் ஆட்டோ, நடுவில் ஆடு. எங்கள் சந்துகளில் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து விட யாருக்கு வாய்க்கிறது? போன வாரம் துறைமுகம் இருக்கும் ஐலண்டின் அகலமான சாலையில் இக்கா கொஞ்சம் வேகம் எடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வளைவு முடிந்தது, கார் முடிக்கவில்லை. நின்றுகொண்டிருந்த ஒரு கண்டெய்னர் லாரியை நலம் விசாரித்துவிட்டுத்தான் சாலைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலுவா பக்கம் ஒரு மைதானத்தில் போட்டி. கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும், நேரம் பார்ப்பார்கள். அதற்காகத்தான் இக்கா மழைக்காலம் முழுக்க அந்தக் காரைக் கட்டினார். தாழ்வான ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், அகலமான டயர். ஆனால் ஓட விடுவதற்கு முன் வண்டியைச் சோதிப்பார்கள். ஸ்டியரிங் தானாக நேராகவில்லை என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் அவருடைய சித்தப்பா மகள், நிஸா; அண்ணனை எங்கள் வீட்டில் இக்கா என்போம். பகலில் பஜார் சாலையில் ஒரு மசாலா கம்பெனியில் பில் போடுகிறேன். மாலையில் தோப்பும்படியில் ஆட்டோமொபைல் டிப்ளமோ வகுப்பு. வெள்ளிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு இக்காவோடு பள்ளுருத்தியில் தங்கதுரை அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் தென்காசிக்காரர். இக்காவும் அவரும் சேர்ந்துதான் காரில் எல்லாவற்றையும் மாட்டினார்கள்.

"ரேக்கைப் பிரிச்சிர வேண்டியதுதான்," என்றார் அண்ணன். ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல்சட்டத்தைத்தான் ரேக் என்பார்கள். "உள்ள எங்கயோ இறுக்கிப் பிடிக்குது."

"பிரிச்சா எப்போ கிட்டும்?" என்றார் இக்கா.

"புது ரப்பர் சீல் வரணும். செவ்வாய்க்கிழமை ஆயிரும்."

"ரேஸ் ஞாயிறு அல்லே அண்ணே?"

"அப்போ அடுத்த ரேஸ் ஓட்டு."

இக்காவின் முகம் காற்றுப் போன டயர் மாதிரி ஆயிற்று. நான் மெல்ல வாயைத் திறந்தேன். "பிரிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒருவாட்டி பார்க்கட்டுமா?"

"எடி, நீ ஒவ்வொண்ணா எழுதிப் பார்த்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த மழை வந்துரும்."

"தங்கச்சி பார்க்கட்டும்ப்பா," என்றார் அண்ணன். "நான் சாயா குடிக்கிற வரைக்கும்."

ஒரு சாயா நேரம். முதலில் டயரில் காற்றுப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடியும் பார்த்தேன், மீட்டரை நான் தப்பாக வைத்திருக்கலாம் அல்லவா? அப்போதும் சரி. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பினேன். வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. எங்கும் பிடிக்கவில்லை, கரகரக்கவில்லை.

ரேக் இறுகியிருந்தால் இப்படித் திரும்பாதே என்று நினைத்தேன். அண்ணன் இத்தனை வருஷம் பார்த்தவர். நான் இன்னும் இரண்டாவது செமஸ்டர்.

ஆனால் யோசனை நிற்கவில்லை. எதுவும் பிடித்து நிறுத்தவில்லை என்றால், நேராக்க வேண்டிய ஒன்று நேராக்காமல் இருக்கிறது. சைக்கிளில் கையை விட்டு ஓட்டினால் ஹேண்டில் தானாக நேராவது ஏன்? முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பதால். காரிலும் அதே கதைதான். முன் ஷாக்கின் மேல்முனை டிரைவருக்கு முன்னாலிருக்கும் கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

பானெட்டைத் திறந்தேன். ஷாக்கின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் புதுத் தட்டுகள், தட்டுக்கு மூன்று போல்ட். இரண்டு தட்டிலும் ஷாக்கின் நட்டு ஹெட்லைட் பக்கமாகத் தள்ளி இருந்தது. பாடப்புத்தகப் படத்தில் அது கண்ணாடிப் பக்கம் இருக்கும்.

உடனே சந்தேகம். படத்தை நான் தலைகீழாக நினைவு வைத்திருக்கிறேனோ? எனக்கு இடது வலதே உடனே வராது. சோறு சாப்பிடும் கையை நினைத்துப் பார்த்துத்தான் சொல்வேன். காரின் முன்னால் நின்று பார்த்தேன், பக்கத்தில் நின்று பார்த்தேன், கடைசியில் காருக்கு முதுகைக் காட்டி நின்று தலையை மட்டும் திருப்பியும் பார்த்தேன்.

"என்னடி, சர்க்கஸா?" என்றார் இக்கா.

"இக்கா, இந்தத் தட்டு ரெண்டையும் மாத்தி மாட்டிட்டீங்களோ?"

"எப்படி மாறும்? அதிலேயே எழுதியிருந்துச்சு. ஒண்ணுல டிரைவர் சைடு, மத்ததுல பாசஞ்சர் சைடு. டிரைவர் சைடை டிரைவர் சைடுல போட்டேன். பச்சைக் குழந்தைகூடப் போடும்."

அண்ணனின் கிளாஸில் சாயா அடியைத் தொட்டிருந்தது. அவர் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தபோது இக்காவின் போன் அடித்தது. ஷார்ஜாவிலிருந்து யூசுப் மாமா, வீடியோ காலில். தட்டுகளை வாங்கி அனுப்பியது அவர்தான்.

"என்னடா, என் பிளேட் எப்படி ஓடுது?"

மாமா கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு மாமிக்காகக் காத்திருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது. அது தப்பான பக்கம் தெரிவது போல எனக்குத் தோன்றியது. வீடியோ படத்தைத் திருப்பிக் காட்டும் என்பார்கள். அல்லது வழக்கம்போல நான் குழம்புகிறேன்.

போனை வாங்கினேன். "மாமா, நீங்க டிரைவர் சீட்லயா இருக்கீங்க?"

"பின்ன? என் வண்டியை வேற யாரு ஓட்டுவா?"

"அது எந்தப் பக்கம்?"

"டிரைவர் பக்கம்."

"அல்ல மாமா! இடதா வலதா?"

"இடதுதான். இங்கே எல்லாருக்கும் இடதுதானே. என்னடி, உனக்கு இன்னும் அந்தத் தகராறு தீரலையா?"

முதலில் சிரித்தது தங்கதுரை அண்ணன்தான். ஸ்பேனரோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஊர் டிரைவர் உட்காரும் இடது பக்கத்துத் தட்டு நம் ஊர் டிரைவரின் வலது பக்கத்தில் ஏறியிருக்கிறது; பக்கம் மாறியதால்தான் நட்டு முன்னால் தள்ளிப்போயிருக்கிறது. போல்ட் துளைகள் இரண்டு பக்கமும் பொருந்தியதால் அதுவும் முனகாமல் உட்கார்ந்துகொண்டது.

"நீங்களும்தானே கூட நின்னு மாட்டுனீங்க?" என்றார் இக்கா.

"வாசிச்சது யாரு? எனக்கு இங்கிலீஷ் தெரியாதுப்பா."

அன்று இரவே தட்டுகளை இடம் மாற்றினோம். நட்டு இரண்டும் கண்ணாடிப் பக்கம் வந்தன. சனிக்கிழமை காலையில் வீல் அலைன்மென்ட் செய்துவிட்டு நேராக ஐலண்டுக்குப் போனோம். அதே வளைவு. இக்கா வளைத்துவிட்டு, போலீஸிடம் மாட்டியவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். ஸ்டியரிங் வீடு நினைவு வந்தது போலத் தானாகச் சுற்றி நேராக நின்றது. "இன்னொருவாட்டி," என்றேன். தற்செயலாகக் கூட நடந்திருக்கலாம். இக்கா என்னைத் திட்டிக்கொண்டே ஐந்தாறு முறை செய்து காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலுவாவில் சோதிக்க வந்த சேச்சி பக்கத்துச் சீட்டில் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு, "மதி, போய்க்கோ," என்று போதுமெனக் கையசைத்து இறங்கிக்கொண்டார். இக்கா ஓட்டினார். நேரம் சுமார்தான், கடைசி வளைவில் ஒரு கோனையும் தள்ளினார். இறங்கி வந்தவர் முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது.

தங்கதுரை அண்ணன் போன் செய்தார். "ஓட்டிட்டானா?"

"ஓட்டிட்டார் அண்ணே. ஒரே ஒரு கோன் விழுந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"டிரைவர் சைடு."

"எந்த ஊரு டிரைவரு?"

சோறு சாப்பிடும் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "வலது," என்றேன்.