குப்பைக்காட்டு மண்

கே.ஜி.கண்டிகை ஊரில் கன்னியம்மாளுக்குக் ‘குப்பைக்காட்டுக்காரி’ என்று பெயர் விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. வேர்க்கடலை போட்டுப் போட்டு ஓய்ந்துபோன இரண்டு காணி நிலத்தை, ஆடு மாடு நுழையாமல் முள் அடைத்து அப்படியே விட்டுவிட்டாள். புதர் மண்டியது, கவுதாரி குடிவந்தது. அதைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு நிறையும். கணவனின் அண்ணன் ஜம்புலிங்கத்துக்கு வயிறு எரியும். நிலமோ இன்னும் பாகம் பிரிக்காதது.

“ஆடி மழ விழட்டும், ஏர் கட்டிடறேன்” என்று சொல்லிவிட்டார்.

தை கிருத்திகையன்று திருத்தணிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி, புதரைப் பார்த்து பஸ்ஸை விட்டே இறங்கினாள். பெயர் வரலட்சுமி. மெட்ராஸில் மருந்து ஆராய்ச்சி வேலை.

“மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்குங்க. சில மருந்தே அதுங்ககிட்டருந்து எடுக்கறதுதான். உழாத காட்டு மண்ணு ஒரு பிடி எடுத்து வைங்க. சாமி பாத்துட்டு வந்து வாங்கிக்கிறேன்.”

காடு பிழைக்க வழி வந்துவிட்டது! கன்னியம்மாள் சும்மா இருப்பாளா? வீடு தேடி வந்தவளுக்குக் குப்பையையா கொடுப்பது? சருகு பொறுக்கி, கல் நீக்கி, முறத்தில் பரப்பி உச்சி வெயிலில் காயவைத்து, மாவு சலிப்பதுபோல் சலித்து, துணியில் முடிந்து கொடுத்தாள். சர்பத்துக்கு ஆகட்டும் என்று அந்தப் புதரிலேயே பிடுங்கிய நன்னாரி வேரையும் ஈர மண்ணோடு கட்டிக் கொடுத்தாள்.

ஆடி வந்தது, மழையும் வந்தது. ஜம்புலிங்கம் ஏரோடு நின்றார். கன்னியம்மாள் முள்வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோதுதான் வரலட்சுமி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள்.

“நீங்க குடுத்த மண்ணுல மருந்துக்காவறது ஒண்ணுமே இல்லீங்க. என்னா பண்ணீங்க?”

“சுத்தமா சலிச்சி, வெயில்ல காய வெச்சம்மா.”

வரலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். “அதான் பாதி உசுரு போயிடுச்சி! ஆனா நன்னாரி வேருல ஒட்டிகினு இருந்த மண்ணுல ஒண்ணு கெடச்சிதுங்க. சீழ் புடிக்கற கிருமிய வளரவே விடல. மருந்தாவுமான்னு தெரிய வருஷக்கணக்காவும். இந்தக் காட்ட மட்டும் தொடாதீங்க. இன்னும் மண்ணு வேணும்.”

ஜம்புலிங்கம் மாட்டைப் பார்த்தார், புதரைப் பார்த்தார். ஏரை அவிழ்த்தார். பிறகு, தன் பங்குக்கு வந்தவளுக்கு மரியாதை செய்ய வேண்டாமா, வேலிக்குள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிச் சருகைப் பொறுக்க ஆரம்பித்தார்.

கன்னியம்மாள் கண்ணீரோடு அவரைப் பார்த்துக் கத்தினாள்:

“பாவா, கைய எடுங்க! அந்தக் குப்பதான் வேணுமாம்!”