நாலு விரல் தண்ணீர்

கண்மாய்த் தண்ணீரை இறைக்கும் டீசல் இஞ்சின் சத்தம் கேட்டதும் நர்கிஸ் நிமிர்ந்தாள்.

ரெட்டியபட்டிக் கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது. அதில் குச்சி நட்டு, பன்னிரண்டு வலைப்பெட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஐம்பது தவளை முட்டைகள், நீர்மட்டத்துக்கு நாலு விரல் கீழே. ஆறு பெட்டிகளுக்கு மேல் வெயிலின் புற ஊதாக் கதிரை மறிக்கும் பிளாஸ்டிக் தாள். மற்ற ஆறுக்கு அதை உள்ளே விடும் தாள். அந்தக் கதிர் முட்டைகளைக் கொல்கிறதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சாயங்காலத்துக்குள் பொரிந்துவிடும்.

கரையில் இஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்த விவசாயியிடம் ஓடினாள்.

"பால்பாண்டியண்ணே, பொழுது சாயற வரைக்கும் நிறுத்துங்கண்ணே. தண்ணி வத்துனா முட்டையெல்லாம் வெளிய வந்துரும்."

"பருத்தி மூணு நாளா தலையத் தொங்கப்போட்டு நிக்குது தாயி. நாளைக்கு இஞ்சினு அடுத்தவுகளுக்குப் போயிரும். தவளைக்காகப் பயிரச் சாகவிடவா?"

அவர் சொன்னதில் தப்பில்லை.

"அப்ப மெதுவா ஓட்டுங்க. நான் பெட்டிய எறக்கிக்கிட்டே வாரேன்."

முறைத்தார். பிறகு குனிந்து வேகத்தைக் குறைத்தார்.

பன்னிரண்டாவது பெட்டியை இறக்கிக் கட்டுவதற்குள் முதல் பெட்டி மேலே தெரிந்தது. திரும்ப ஓடினாள். உச்சிவெயிலில் பிடரி எரிந்தது, கயிறு அறுத்து விரல்கள் வீங்கின. இரண்டு மணிக்கு ஐந்தாவது பெட்டி முடிச்சு நழுவிச் சேற்றில் கவிழ்ந்தது. அள்ளப் போனவள் அடுத்த பெட்டியும் சரிவதைப் பார்த்து அலறினாள்.

பால்பாண்டி வேட்டியை மடித்துக்கட்டி இறங்கிவிட்டார். "நான் பிடிச்சுக்கிறேன், நீ கட்டு. எம்புட்டு ஆழம்?"

"நாலு விரல்."

நாலரை மணிக்கு முதல் முட்டை துடித்தது. ஐந்தரைக்குள், கதிரை மறித்த தாளுக்குக் கீழே தலைப்பிரட்டைகள் கறுகறுவென்று நெளிந்தன. மற்றப் பெட்டிகளில் பாதிக்கு மேற்பட்ட முட்டைகள் வெளுத்துச் செத்துக் கிடந்தன.

"என் இஞ்சினா கொன்னுச்சு?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"இல்லண்ணே. கவுந்தது போக மத்ததெல்லாம் ஒரே ஆழத்துலதான் கெடந்துச்சு. இது வெயிலு." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா தண்ணி கொறையக் கொறைய வெயிலு இன்னும் கூடுதலாத்தான் தாக்கும்."

அவர் கரையோரம் பார்த்தார். யாரும் பெட்டியில் போடாத முட்டைக் கொத்துகள் ஈரச்சேற்றில் ஒட்டிக் கிடந்தன.

"ரெண்டு பாத்திதான் பாக்கி. பாய்ச்சிட்டு நிறுத்திர்றேன்." போகிற போக்கில் தன் தூக்குச்சட்டியைக் கழுவி அவளிடம் நீட்டினார். "அதுக்குள்ள இதுல அள்ளு தாயி."

நர்கிஸ் சேற்றில் மண்டியிட்டாள். சில கொத்துகள் அதற்குள் காய்ந்திருந்தன. மிச்சத்தை அள்ளத் தொடங்கினாள்.